மிருகத்தின் காதில் சொன்ன பெயர்

இசிக்குல் ஏரியின் தென்கரையில், குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் சானடோரியம் ஒன்றை சன்ஜார் வாடகைக்குப் பிடித்திருந்தான். தலைநகர் பிஷ்கெக்கின் நிலக்கரிப் புகையில் இருமிக்கொண்டே கணினி விளையாட்டை முடிக்க முடியாது, வசந்தத்துக்குள் முடிக்காவிட்டால் வெளியிட ஒப்புக்கொண்டவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்பது எங்கள் முதலாளியான அவனுடைய கவலை. நாங்கள் வேனிலிருந்து இறங்கியபோது நண்பகல். கரையெல்லாம் பனி. அதற்கப்பால் உறையாத கருநீலத் தண்ணீர், அதன் மேல் மெல்லிய ஆவி.

சோவியத் காலத்தில் மூட்டுவலிக்காரர்கள் சேற்றுக் குளியலுக்கு வந்துபோன கட்டடம் அது. கதவைத் திறந்ததும் கந்தக வாடை. அதற்கு அடியில் நனைந்த கம்பளியின் வாடை. கொதிகலனை முந்தைய நாளே பற்றவைத்திருந்ததால் சுவரோர வெந்நீர்க் குழாய்கள் தட்டிக்கொண்டிருந்தன. டக். டக். பிறகு நீளமாக ஒரு மூச்சு.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"பைக்கே, நம்ம பெரிய மிருகத்துக்குத் தொண்டை கிடைச்சாச்சு," என்றேன் எலமானிடம்.

"தொண்டை கிடக்கட்டும். பேரு கிடைக்கணுமே," என்றான் அவன்.

பைக்கே என்றால் எங்களுக்கு அண்ணன். கூட்டத்தில் மூத்தவன் என்பதால் எல்லோரும் அவனை அப்படித்தான் அழைத்தார்கள். என்னை எல்லோரும் 'மைக்' என்பார்கள். எலமான் ஒருவன்தான் என் தாய் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். பெயரை வீணாக்கக்கூடாது என்பான். விளையாட்டில் வரும் மிருகங்களுக்கெல்லாம் பெயர் வைப்பது அவனுடைய வேலை. பழைய கல்வெட்டுச் சொற்களைத் தேடிப்பிடித்து, உடைத்து, ஒட்டி, புதிதாக ஒன்று செய்வான். செய்த பெயரைச் சோதிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. நடைவழியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, துரத்தப்படுகிறவனைப் போல அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே ஓடுவான். ஓடும்போது கத்த முடியாத பெயர் செத்த பெயர் என்பது அவனுடைய சட்டம்.

இன்னொரு வழக்கத்தையும் அவன்தான் ஏற்படுத்தினான். பிறந்த குழந்தையின் காதில் பெரியவர் ஒருவர் மூன்று முறை பெயர் சொல்வதைப் போல, திரைக்குப் போகும் முன் எர்மெக் களிமண்ணில் செய்து முடிக்கும் ஒவ்வொரு மிருகத்தின் காதிலும் அதன் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்துத் தின்போம். பெயர் வைத்தவனுக்கு ஒரு சட்டை பரிசு. விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் எலமான் பல வருடங்களாக அந்தச் சட்டைகளைத் தவிர வேறு சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

புருல்சுன் எங்களோடு சேர்ந்தது அந்த இலையுதிர்காலத்தில். வசனங்களில் பிழை திருத்த வந்தவள். கணவன் வீட்டை விட்டு வந்துவிட்டவள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மகளை விட்டுவர இடமில்லாததால் கூடவே அழைத்து வந்திருந்தாள். ஐந்து வயதிருக்கும். வேன் நின்றதும் முதலில் குதித்து ஓடியது அந்தக் குழந்தைதான். ஓடிப்போய் வாசற்படியில் நின்றுவிட்டது.

"உள்ள போ, குச்சுக்," என்றாள் தாய்.

சன்ஜார் சிரித்துவிட்டான். "பொண்ணைப் போய் நாய்க்குட்டின்னு கூப்பிடுறியேம்மா!"

"எங்க வீட்டுல பேரு வைக்கிற லட்சணம் அப்படி. என் பேரையே எடுத்துக்கோங்க. வரிசையா பொண்ணாப் பிறந்ததால எனக்கு 'திரும்பட்டும்'னு வெச்சாங்க, அடுத்தது பையனா வரட்டும்னு. என்னைக் கூப்பிடுறப்பல்லாம் எங்கப்பா வராத தம்பியைத்தான் கூப்பிட்டார். என் பேரு இதுவரைக்கும் என்னைக் கூப்பிட்டதே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எலமானும் சிரித்தான். அப்போது அவளிடம் அவனுக்குப் பொறாமைப்பட எதுவும் இருக்கவில்லை.

அது முதல் வாரத்திலேயே வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சதுப்புநிலத்தில் வரும் மிருகத்துக்கு எலமான் பெயர் கொண்டுவந்திருந்தான்.

"கர்ஸூல்தாக்," என்றான்.

சன்ஜார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "டயர் கம்பெனி பேரு மாதிரி இருக்கு பைக்கே."

"டயர் இல்ல, வயித்து மருந்து," என்றான் எர்மெக், அடுப்போரம் நின்றபடியே. "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கர்ஸூல்தாக், பின்னாடி ஒரு கர்ஸூல்தாக்."

மேசையே குலுங்கியது. சிரிப்பு அடங்கும் நேரத்தில், குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த புருல்சுன் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"'உட்காராதவர்'னு வைக்கலாமே."

நின்றுகொண்டிருந்த எர்மெக் மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய பெயர்கள்தான் நின்றன. குகையில் வருவதற்கு 'நேற்றும் வந்தவர்'. ஆற்றங்கரையில் வருவதற்கு 'வாசற்படி அறிந்தவர்'. கண்ணில்லாத ஒன்றுக்கு 'பாலுக்கு முன் வந்தவர்'. எதையும் ஓடிக்கொண்டே கத்த முடியாது. கத்தவும் தோன்றாது. அந்தப் பெயர்களைச் சொல்லும்போது எங்கள் குரல் தானாகத் தாழ்ந்தது.

சட்டைகளும் அவளுக்கே போயின. அவள் அவற்றை மகளுக்குப் போட்டுவிட்டாள். கணுக்கால் வரை தொங்கும் பெரிய சட்டையில் அந்தக் குழந்தை நடைவழிகளில் ஓடும்போதெல்லாம் எலமான் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. காதில் பெயர் சொல்ல மாட்டேன் என்றாள்.

"எழுதித் தர்றேன். காதுல மட்டும் சொல்லமாட்டேன், வேற யாராச்சும் சொல்லுங்க. காதுல விழுந்தது ஒட்டிக்கும்."

எங்கள் அறையில் எலமான் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் பேசினான். "கொஞ்ச வருஷம் மாமியார் வீட்டுல வாயை மூடிட்டிருந்தா போதும்போல இருக்கே. நான் எதுக்குக் கல்லு கல்லா படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?"

"அவ வைக்கிற பேரு நல்லாத்தான் இருக்கு பைக்கே."

"நல்லா இல்லைன்னு யாரு சொன்னா? அதான் பிரச்சினை."

அவன் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் மலைநாட்டில் மருமகள் கணவன் வீட்டு ஆண்களின் பெயரை உச்சரிக்க மாட்டாள். பெயரோடு ஒலி ஒத்த பொருளைக்கூட வேறு சொல்லால்தான் குறிப்பாள். புருல்சுனின் மாமனார் பெயரில் இரும்பு இருந்தது. அதனால் இரும்பு அவளுக்குக் 'கெட்டியானது'. மூத்த கொழுந்தன் பெயரில் நிலா. அதனால் நிலா 'ராத்திரி விளக்கு'. நகரத்தில் இதையெல்லாம் இப்போது கேலிக்குத்தான் சொல்வார்கள். அவள் புகுந்த வீட்டில் கேலி இல்லை.

குழாய்ச் சத்தம் அறைக்கு அறை மாறும். நான் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தேன். புருல்சுனின் அறையில் அது வேறு மாதிரி இருந்தது. தட்டல் இல்லை. மூச்சு மட்டும். இழுப்பது, நிறுத்துவது, யோசிப்பதுபோல ஒரு இடைவெளி, மறுபடி இழுப்பது.

"பதிவு பண்ணிக்கோங்க மைக்காரரே," என்றாள் அவள். "ஆனா இங்க நிக்கிறப்ப யார் பேரையும் சொல்லாதீங்க."

"குச்சுக்னுகூடவா?"

"அது பேரில்ல. பாத்திரத்துக்கு மூடி."

எலமான் எனக்குப் பின்னால் வாசலில் நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"அப்ப உள்ள என்ன இருக்கு?" என்றான்.

அவள் குழந்தையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே நல்ல வெயில். பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

"பேரு சொல்லக்கூடாத இன்னொருத்தரும் அந்த வீட்டுல இருந்தார் பைக்கே. வீட்டு மனுஷங்க பேரைவிட அவர் பேரைத்தான் ரொம்பக் கவனமாச் சுத்திப் போவாங்க. நான் மிருகங்களுக்கு வெச்ச பேரு ஒண்ணும் என் கற்பனை இல்ல. எல்லாமே அவர் ஒருத்தரைச் சொல்றதுதான்."

குழாய் மூச்சை இழுத்தது.

"மூத்ததுக்கும் ரெண்டாவதுக்கும் ஊரைக் கூட்டி விருந்து போட்டுப் பேரு வெச்சாங்க. பேரு வெச்சு ஒரு வாரம் தாண்டல, ரெண்டும். அவர் பேரைக் கேட்டுட்டுத்தான் வருவார். இவ பிறந்தப்ப எங்கப்பா மாட்டுக்கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனார். கதவைச் சாத்திட்டு, காதுல வாயை வெச்சுச் சொன்னார். அதுக்கப்புறம் அந்தப் பேரை நாங்க யாரும் சத்தமாச் சொன்னதில்ல. இங்கயும் வந்திருக்கார். வரட்டும். பேரு தெரியாத வீட்டுல யாருன்னு கேட்பார்?"

அவள் அதை 'அவர்' என்றே சொன்னாள். வீட்டுப் பெரியவரைச் சொல்வதைப் போல.

நான் எலமானைப் பார்த்தேன். அவன் முகத்தில் இரக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே பசி இருந்தது. அவளிடம் இன்னொரு பெயர் இருக்கிறது. யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள். அவன் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

பெரிய மிருகத்தை எர்மெக் கீழ்த்தளத்துச் சேற்றுக் குளியல் கூடத்தில் செய்துகொண்டிருந்தான். நீல ஓடு பதித்த மேடையில், நோயாளிகள் படுத்த இடத்தில், அது படுத்திருந்தது. களிமண்ணோடு ஏரிச் சேற்றையும் கலந்திருந்ததால் காயவே மறுத்தது. நீண்ட கழுத்து. தலை, ஏரியைப் பார்த்த சன்னல் பக்கம். கண்களைச் சும்மா கீறி விட்டுவிட்டு, காதுகளை மட்டும் மடிப்பு மடிப்பாகச் செய்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "கை அங்கயே போகுது," என்றான்.

அதன் பெயர்தான் விளையாட்டுக்கும் பெயர். சன்ஜார் முதலில் புருல்சுனைத்தான் கேட்டான்.

"இதுக்குப் பேரு வேணாம்," என்றாள். "இருக்கிறதே போதும்."

சன்ஜார் எலமான் பக்கம் திரும்பினான். எலமான் மூன்று பெயர் கொண்டுவந்தான். பிறகு இன்னும் சில. ஒவ்வொன்றையும் கத்திக்கொண்டு நடைவழியில் ஓடினான். மூச்சு வாங்க அவன் வந்து நின்றபோது எங்களுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"பைக்கே, மனசுல வெச்சுக்காதீங்க," என்றான் சன்ஜார். "உங்க சட்டை வரிசை முடிஞ்சுபோச்சுபோல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா பேரில்லாத மிருகம்னு விட்டுடலாம். முதல் திரையில 'பெயர்கள்: புருல்சுன்'னு போட்டுடுறேன். நியாயம்தானே?"

"நியாயம்தான்," என்றான் எலமான். கையிலிருந்த குருத், காய்ந்த தயிர் உருண்டை, பொடியாகி மேசையில் உதிர்ந்தது.

வியாழக்கிழமை பகலில் புருல்சுன் மாவும் எண்ணெயும் வாங்க வேனில் பக்கத்து ஊருக்குப் போனாள். குழந்தையை எர்மெக்கிடம் விட்டுப்போனாள். எர்மெக் சாப்பிட மேலே போனான். நான் குளியல் கூடத்துக்கு அடுத்த சிற்றறையில் குழாயில் மைக்கை ஒட்டிவிட்டு, செவிகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். இரும்பு எதையும் கடத்தும். கூடத்தில் பேசுவது எனக்குக் குழாய் வழியாக வந்தது.

"நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா? என் பேரை உன் காதுல சொல்றேன். நீ உன்னோடதை என் காதுல சொல்லணும்."

"எனக்குப் பேரில்ல. குச்சுக்தான்."

"அது மூடி. உள்ள இருக்கிறது?"

மிட்டாய்த் தாள் பிரிக்கும் சத்தம்.

"நீங்க முதல்ல."

கிசுகிசுப்பாக: "எலமான்."

"ஒரு தடவை சொன்னா போதாது. மூணு தடவை சொல்லணும். அப்பத்தான் பேரு."

அவன் சிரித்தான். "சரிங்க மேடம். எலமான். எலமான்."

பிறகு குழந்தை சொன்னது. எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு மெல்லிய குரல். கேட்டது வேறொன்று.

மைக்குக்கு மிக அருகில், குழாய்க்கு உள்ளே, யாரோ மூச்சை நிறுத்தினார்கள்.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போனேன். கூடத்தில் எலமான் குழந்தைக்கு முன்னால் முட்டி போட்டிருந்தான். அவன் கன்னங்கள் சிவந்திருந்தன, காதலைச் சொல்லிவிட்டு வந்தவனைப் போல.

"கிடைச்சிருச்சு," என்றான், என் பெயரைச் சொல்லி.

மறுநாள் மதியம் எல்லோரும் கீழே கூடினோம். புருல்சுன் மாடிச் சமையலறையில் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். வாசனை படியிறங்கி வந்து கந்தகத்தோடு கலந்தது. வெளியே பனி பெய்ததால் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தோம். எலமான் தன் பழைய சட்டைகளில் நல்லதாக ஒன்றைப் போட்டிருந்தான். ஈரக் களிமண் காதின் மேல் குனிந்து, கையைக் குவித்து, மூன்று முறை சொன்னான். பிறகு நிமிர்ந்து எங்களுக்காக உரக்கச் சொன்னான்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விளையாட்டை வாங்கியவர்களுக்குத் தெரியும். அதைவிட அழகான பெயரை நான் கேட்டதில்லை. வேதனை தெரியாத பெயர். அப்படி ஒன்றை அந்த மிருகத்தின் மேல் வைத்ததும்தான் அது பயங்கரமானது.

"அடேயப்பா," என்றான் சன்ஜார். "பைக்கே... இதுக்கு முன்னாடி வெச்சதெல்லாம் சும்மா."

எலமான் அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்போதுதான் குழாய்கள் நின்றுவிட்டன என்பதைக் கவனித்தேன். நாங்கள் வந்த நாளிலிருந்து ஒரு கணமும் ஓயாத சத்தம்.

வாசலில் தட்டு விழுந்தது. போர்சோக்குகள் ஓடுகளில் உருண்டன. கை நிறைய மாவோடு புருல்சுன் நின்றிருந்தாள். அவள் எலமானைப் பார்க்கவில்லை. மூலையில் கரிக்கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாள். ஐந்து வருடங்களில் முதல்முறையாக, உரக்க.

குழந்தை திரும்பவில்லை.

மறுபடியும் அழைத்தாள். குழந்தை கோடு போட்டுக்கொண்டே இருந்தது. வேறு யாரையோ அழைப்பதைப் போல.

எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் அது எப்போது நடந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

எர்மெக்தான் முதலில் பார்த்தான். "நான் தலையைச் சன்னல் பக்கம்தானே வெச்சேன்?" என்றான்.

மிருகம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி ஈரக் களிமண்ணில் புதிய முறுக்கல் வரிகள்.

"இவகிட்டேருந்து எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டாள் புருல்சுன். குரலில் கோபமே இல்லை.

பதில் சொன்னது குழந்தை. "பைக்கே தன்னோட பேரை என் காதுல சொன்னார்ம்மா. ஒரு தடவைதான் சொன்னார். போதாதுன்னு நான் மூணு தடவை சொல்ல வெச்சேன்."

புருல்சுன் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கைகளில் இருந்த மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்:

"எலமான்."

அவன் திரும்பினான்.

குழந்தையும் திரும்பியது.

சுவரில் குழாய்கள் மறுபடி தட்டத் தொடங்கின.

"இவளோட பேரு அதுக்குப் போயிருச்சு," என்றாள் புருல்சுன், மிருகத்தைக் காட்டி. "அது மண்ணு. அவர் வந்து பார்த்தா மூச்சில்லைன்னு போயிடுவார். இனி அந்தப் பேரை எத்தனை வாய் சொன்னாலும் நல்லதுதான். அதையே வெச்சுக்கோங்க. ஆனா குழாய்ல அவர் கேட்டது இன்னொரு பேரு. அந்தப் பேருல இப்ப ரெண்டு பேரு இருக்கீங்க."

எலமானுக்கு அப்போதுதான் புரிந்தது. "குழந்தைக்கு வேற பேரு வெச்சிடலாம்," என்றான் அவசரமாக. சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கு எட்டியது. அந்தப் பெயரில் மிச்சம் இருக்கப்போவது அவன் மட்டும்தான்.

"வெச்சிடுறேன் பைக்கே."

அன்று பிற்பகலே அவள் கிளம்பினாள். வாயிற்கதவருகே, கொட்டும் பனியில், மகளுக்கு முன்னால் குந்தி, இரு கைகளாலும் அவள் காதை மூடி வாயை வைத்தாள். தாடை மூன்று முறை அசைந்தது. நாங்கள் தூரத்தில் நின்றோம். எலமான் மட்டும் செருப்பில்லாத காலோடு அவர்கள் பின்னால் ஓடினான்.

"புருல்சுன், தங்கச்சி, உன் கால்ல விழறேன். நான் என்ன பண்ணணும்னு சொல்லிட்டுப் போ."

அவள் நின்று திரும்பினாள்.

"முதல் திரையில உங்க பேரு வரணும்னுதானே பைக்கே இவ்வளவும்? அதை எடுத்துடச் சொல்லுங்க. பழைய விளையாட்டுலேருந்தும் எடுத்துடுங்க. யார் அந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பாதீங்க. இவளோட மூடி இருக்கு, அதை வெச்சுக்கோங்க. குச்சுக்."

"அது என்னோடது!" என்று குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழுதது. "அவருக்கு ஏன் தர்றே?"

"உனக்கு வேற தர்றேன், வா."

"உன் பேரு? உன் பேரை மட்டும் போட்டா உன்னைத் தேடி வரமாட்டாரா?" என்று சன்ஜார் கேட்டான்.

"என் பேரு யாரைக் கூப்பிடுதுன்னு எனக்கே தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்?"

சிற்றுந்து வந்தது. ஏறிப்போனார்கள்.

மறுநாள் காலை எங்கள் அறைக் குழாய் மாறியிருந்தது. தட்டல் இல்லை. இழுப்பது, நிறுத்துவது, யோசிப்பது. எலமான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"எ..." என்றது குழாய்.

நான் கேட்டேன். காற்று அடைத்த குழாய் அப்படி ஒலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் அவன் குளிக்கப் போன அறையிலும் கேட்டதாகச் சொன்னான். சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்குமே கேட்டது.

அன்றே அவன் ஊரைவிட்டுப் போனான். தெற்கே, ஓஷ் நகருக்கும் அப்பால், மண்ணடுப்பு வைத்த ஒரு கிராமத்து வீட்டில் குடியேறினான். குழாயே இல்லாத வீடாகத் தேடிப் பிடித்திருந்தான். சன்ஜாரிடம் கெஞ்சித் தன் பெயரை எல்லா விளையாட்டிலிருந்தும் அழிக்கவைத்தான். பழைய சட்டைகளை எரித்தான். அக்கம்பக்கத்தார் அவனைக் குச்சுக் என்றே அறிந்திருந்தார்கள். நான் எப்போதாவது போன் செய்வேன். எடுத்ததும், "குச்சுக்," என்பான், குரைக்காத குறையாக. ஒருமுறை கேட்டான்: "முதல் திரையில அவ பேரு மட்டும்தான் இருக்கா?"

"ஆமா பைக்கே."

"பெரிய எழுத்திலயா?"

அந்த நிலையிலும் அவன் பொறாமை அணைந்திருக்கவில்லை.

விளையாட்டு வெளிவந்தது, நன்றாகவே ஓடுகிறது. பெரிய மிருகத்தின் குரலாக, பெயர் சூட்டுவதற்கு முன்னால் நான் பதிவு செய்த குழாய்ச் சத்தத்தைத்தான் வைத்திருந்தோம். தட்டலும் மூச்சும் மட்டும். வேறெதுவும் அதில் இல்லை. சில மாதங்களில் ஆடுகிறவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மிருகம் சாகும்போது ஏதோ சொல்கிறது, எந்த மொழி அது? சன்ஜார் என்னைச் சோதிக்கச் சொன்னான். என் கணினியில் இருந்த மூலப்பதிவை ஓடவிட்டேன். நான் வெட்டி ஒட்டிய அதே நீளம், அதே கோப்பு.

"எல..." என்றது.

இந்த அக்டோபரில் மறுபடி கேட்டேன். முழுப் பெயரையும் சொன்னது. தெளிவாக, பாடம் படித்து முடித்த குழந்தையைப் போல.

உடனே அவனை அழைத்தேன். நண்பகல், என் சன்னலுக்கு வெளியே பள்ளி விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்த பிறகு ஒரு மூச்சு. இழுப்பது, நிறுத்துவது.

"எலமான் பேசுறேன்," என்றது அவனுடைய குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"எலமான்தான். நீங்க யாரு?"

வைத்துவிட்டேன். அதனால்தான் இப்போது அவன் பெயரை எழுதுகிறேன். இனி அதை மறைத்துப் பயனில்லை.

என் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் என்னை 'மைக்' என்று ஒருபோதும் கூப்பிடாதவன் அவன். என் எண்ணைத் தன் போனில் எந்தப் பெயரில் பதிந்து வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் அழைத்தபோது அது திரையில் எரிந்திருக்கும், எடுத்தவர் படிக்கும்படி.

நேற்று எங்கள் கட்டடத்தில் குளிர்காலத்துக்கு வெந்நீர் திறந்துவிட்டார்கள். சுவரோரக் குழாய் தட்டிக்கொண்டிருந்தது.

இன்று காலையிலிருந்து தட்டவில்லை.